மணல் தின்ற துறைமுகங்கள்

செப்டம்பர் முதல் வாரத்தில் ஸ்டுட்கார்ட்டிலிருந்து அந்தாலியாவுக்குப் போகும் விமானத்தில் ஏறினால் எங்கு பார்த்தாலும் பிள்ளைகள்தான். எங்கள் மாநிலத்தில் பள்ளிக் கோடை விடுமுறை செப்டம்பர் இரண்டாம் வாரம் வரை நீளும். அதற்குள் ஜெர்மனியில் காற்று குளிர ஆரம்பித்துவிடும். கடைசியாக ஒருமுறை வெயிலைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஊரே தெற்கே கிளம்புகிறது. மூன்றரை மணி நேரப் பயணம். இறங்கினால் துருக்கியின் மத்தியதரைக் கடற்கரை.

இந்த முறை எங்களோடு அம்மாவும் இருந்தாள், நாசரேத்திலிருந்து வந்திருந்தாள். இயேசு வளர்ந்த நாசரேத் இல்லை, தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத். பெற்றோரை ஐரோப்பாவுக்கு அழைத்து அங்கிருந்து துருக்கிக்குக் கூட்டிப் போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: செல்லுபடியாகும் ஷெங்கன் விசா இருந்தால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் துருக்கி இ-விசா கிடைத்துவிடும். ஆனால் அந்த ஷெங்கன் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திரும்பி வர முடியாது.

அந்தாலியாவின் கிழக்கே, லாரா தொடங்கி சிதே வரைக்கும் கடலை ஒட்டி ஹோட்டல்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. சாப்பாடு, குடி, நீச்சல்குளம், பிள்ளைகளுக்கு விளையாட்டு எல்லாம் ஒரே கட்டணத்தில் அடக்கம். கை மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிவிடுகிறார்கள். "ஆஸ்பத்திரியில அட்மிட் பண்ணுன மாதிரில்லா இருக்கு" என்றாள் அம்மா. இந்த மாதிரி ஹோட்டல்களைப் பழிப்பது படித்தவர்களிடையே ஒரு பழக்கம். நான் பழிக்கமாட்டேன். சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, சமைக்காமல், பாத்திரம் தேய்க்காமல், யாரும் பசி என்று அழாமல் சில நாள் கிடப்பது பெரிய சுகம்தான். ஆனால் அங்கே எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதே மறந்து போகும். அந்தக் கட்டம் வந்ததும் வாடகைக் கார் எடுத்து மேற்கே கிளம்பினோம்.

மேற்கே போகும் டி-400 சாலை மலைக்கும் கடலுக்கும் இடையில் நெளிந்து ஓடுகிறது. பழைய லிசியா நாடு இதுதான். டாரஸ் மலைத்தொடர் நேராகக் கடலில் வந்து இறங்குவதால் சமவெளி என்று சொல்ல இங்கே அதிகம் இல்லை. ஆறு கடலில் சேரும் முகத்துவாரங்களில் கொஞ்சம் தட்டையான நிலம் உண்டு. அங்கேதான் ஊர்களும் துறைமுகங்களும் இருந்தன. ஆற்றை நம்பி எழுந்த ஊர்களை அந்த ஆறுகளே என்ன செய்தன என்பது வழி நெடுகக் கண்ணில் பட்டுக்கொண்டே வந்தது.

முதல் நிறுத்தம் ஃபாசேலிஸ். அந்தாலியாவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். கி.மு. ஏழாம் நூற்றாண்டில் ரோட்ஸ் தீவிலிருந்து வந்த கிரேக்கர்கள் குடியேறிய ஊர். சின்னஞ்சிறு மூக்கு நிலம், அதைச் சுற்றி மூன்று துறைமுகங்கள். ஒரு துறைமுகத்தில் தொடங்கி இன்னொன்றில் முடிகிறது ஊரின் கடைத்தெரு. கல் பாவிய அகலமான தெரு. இரு பக்கமும் படிகள், குளியல் மண்டபங்களின் சுவர்கள், அவற்றுக்கு மேல் பைன் மர நிழல். நாங்கள் போனபோது அந்தத் தெருவில் நீச்சல் உடையோடும் காற்று நிரப்பிய முதலைப் பொம்மையோடும் ஒரு ரஷ்யக் குடும்பம் நடந்து போனது. கி.மு. 334 குளிர்காலத்தில் அலெக்சாந்தர் தன் படையோடு தங்கிய ஊர் இது. தெரு என்னவோ யார் நடந்தாலும் கடலில்தான் கொண்டுபோய் விடுகிறது.

இந்த ஊர் உண்டான கதையை எழுதி வைத்திருப்பவர் அதினேயஸ் என்ற பழைய கிரேக்க ஆசிரியர். வந்தேறிகளின் தலைவன் லாகியோஸ், இந்த நிலத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவனிடம் இடம் கேட்டான். விலையாக வாற்கோதுமை வேண்டுமா, உப்பிட்ட மீன் வேண்டுமா என்று கேட்டதற்கு மேய்ப்பன் மீனைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அதற்குப் பிறகு ஊர்க்காரர்கள் ஆண்டுதோறும் அவன் நினைவாக உப்பு மீனையே படைத்து வந்தார்களாம்.

அம்மாவுக்கு இந்தக் கதை பிடித்துப் போய்விட்டது. "கருவாட்டுக்கு நெலத்தக் குடுத்திருக்கான். நல்ல கருவாடாத்தான் இருந்திருக்கும்." அன்று முழுக்க எந்த இடிபாட்டைப் பார்த்தாலும் எத்தனை கிலோ கருவாடு பெறும் என்று பிள்ளைகளும் ஆச்சியும் விலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அரங்கம் நூறு கிலோ. நீர்வழிப் பாலம் ஐம்பது.

தெற்குத் துறைமுகத்தில்தான் எல்லாரும் குளிக்கிறார்கள். கப்பல் நின்ற ஆழம் இப்போது பிள்ளைகளுக்கு இடுப்பளவு. மூத்தவன் நீந்திப் போய்த் தண்ணீருக்குள் சதுரக் கற்களைக் கண்டுபிடித்துவிட்டுக் கத்தினான். பழைய அலைத்தடுப்புச் சுவர். அம்மா சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு கணுக்கால் நனைய நின்றாள். அதற்கு மேல் இறங்கமாட்டாள். திருச்செந்தூர்க் கடலிலும் அவள் இறங்கிய ஆழம் அவ்வளவுதான்.

இரவு சிராலி என்ற கடற்கரைக் கிராமத்தில் தங்கினோம். அருகே மலையில் பாறைப் பிளவுகளிலிருந்து தானாக நெருப்பு எரிகிறது. பூமிக்குள்ளிருந்து வரும் மீத்தேன் வாயு. குறைந்தது இரண்டாயிரம் வருடமாக எரிந்துகொண்டிருக்கிறது. கிரேக்கக் கதையின் நெருப்புமிழும் கிமைரா மிருகம் இதுதான் என்பார்கள். இருட்டில் டார்ச் வைத்துக்கொண்டு ஒரு கிலோமீட்டர் ஏற வேண்டும். மேலே போனால் புராண பயம் எதுவும் இல்லை. ஆளாளுக்குக் குச்சியில் மார்ஷ்மெல்லோ குத்திச் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்து தெம்ரே. மலை வளைவில் திரும்பியதும் கீழே சமவெளி முழுக்க வெள்ளையாகப் பளபளத்தது. கடல் என்று சின்னவள் சொன்னாள். பசுமைக்குடில்கள். தக்காளி, மிளகாய், கத்தரி என்று இந்தப் பிளாஸ்டிக் கூரைகளுக்கு அடியில் விளையாத காய் குறைவு. அந்தக் குடில்களுக்குக் கீழே புதைந்து கிடப்பதுதான் மீறா. அப்போஸ்தலர் நடபடிகள் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கம்; பவுல் கைதியாக ரோமாபுரிக்குப் போகும் வழியில் இங்கேதான் கப்பல் மாற்றி ஏற்றப்பட்டார். அம்மா ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் பிள்ளைகளுக்கு இந்தப் பயண வரைபடத்தைக் கரும்பலகையில் வரைந்து பாடம் நடத்தியவள். "நான் இதைக் கடலோரத்துலல்லா போட்டிருந்தேன்" என்றாள். அவள் போட்ட இடம் சரிதான். மீறாவின் துறைமுகமான அந்திரியாக்கே அந்தக் காலத்தில் கடலோரம்தான். எகிப்திலிருந்து ரோமுக்குக் கோதுமை ஏற்றிச் செல்லும் பெரிய கப்பல்கள் அங்கே வந்து நின்றன. பிற்பாடு ஹாட்ரியன் பேரரசர் காலத்தில் கட்டிய தானியக் களஞ்சியம் இப்போதும் முழுசாக நிற்கிறது; அதற்குள் அருங்காட்சியகம். ஆனால் வாசலில் நின்று பார்த்தால் கப்பல் வந்த இடத்தில் நாணலும் சேறும், ஒற்றைக்காலில் நிற்கும் பறவைகளும். மலையிலிருந்து ஆறு கொண்டுவந்த வண்டல் நூற்றாண்டுக்குக் கொஞ்சமாக மூடிவிட்டது. ஊரை மூடிய அதே வண்டல்தான் தக்காளி விளைவிக்கிறது. வழியில் ஒரு பாட்டியிடம் இரண்டு கிலோ வாங்கினோம், உப்புக்கூடத் தேவைப்படவில்லை.

மீறாவின் மலைச்சுவரில் கல்லறைகளை வீட்டு முகப்புகளாகக் குடைந்திருக்கிறார்கள். என் கணவர் கட்டடப் பொறியாளர். மற்ற எங்கேயும் அவசரப்படுத்துகிறவர், இங்கே நகர மறுத்துவிட்டார். உத்திரங்களின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருப்பதையும், சட்டம் சட்டத்தோடு சேரும் மூட்டையும், கூரையைத் தாங்கும் உருளைக் கட்டைகளையும் கல்லிலே அப்படியே செதுக்கியிருக்கிறார்கள். மரவேலை தெரிந்தவன் செய்த கல்வேலை. லிசியர்கள் வாழ்ந்த மரவீடு ஒன்றுகூட மிச்சமில்லை. இறந்தவர்களுக்குக் கட்டியதைப் பார்த்துத்தான் இருந்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று தெரிகிறது. 1840-இல் இங்கு வந்த ஆங்கிலேயர் சார்லஸ் ஃபெல்லோஸ் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகச் சாயம் இன்னும் ஒட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறார். இப்போது எல்லாம் தேன்நிறக் கல்.

தெம்ரே ஊருக்கு நடுவே புனித நிக்கொலாஸ் தேவாலயம். நான்காம் நூற்றாண்டில் இங்கே ஆயராக இருந்தவர். கிறிஸ்துமஸ் தாத்தா ஆனது பிற்பாடு. தெருமட்டத்திலிருந்து படிகளில் கீழே இறங்கித்தான் கோயிலுக்குள் போக வேண்டும். அந்த ஆழம் அத்தனையும் ஆற்று வண்டல். வாசல் கடைகளில் சிவப்புக் குல்லாய் போட்ட பொம்மைகள். உள்ளே தலையில் முக்காடிட்ட ரஷ்யப் பெண்கள் உடைந்த கல் சவப்பெட்டி ஒன்றின் முன் கண்ணை மூடி நின்றிருந்தார்கள். பெட்டி காலி. 1087-இல் இத்தாலியின் பாரி நகரத்து மாலுமிகள் எலும்புகளை எடுத்துப் போய்விட்டார்கள், அங்கே ஒரு பெரிய கோயிலும் கட்டிவிட்டார்கள்.

பிள்ளைகளுக்கு நிக்கொலாஸ் கதை சொன்னேன். பத்தாரா என்ற ஊரில் ஓர் ஏழைத் தகப்பன், மூன்று பெண்மக்கள், கொடுக்கச் சீதனம் இல்லாததால் கல்யாணம் நடக்கவில்லை. நிக்கொலாஸ் இரவில் யாருக்கும் தெரியாமல் ஜன்னல் வழியாகப் பொற்காசுப் பையைப் போட்டார். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பை.

"அப்பமே வரதட்சணை உண்டா?" என்று அம்மா நின்றுவிட்டாள். "இதை எங்க கோயில்ல ஒரு அய்யரும் சொல்லலியே. குல்லா மட்டும் போட்டுட்டு வந்து மிட்டாய் குடுக்காங்க."

அடுத்து வந்த கெக்கோவா தீவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எல்லாரும் போகும் படகுப் பயணம். எல்லாரும் எடுக்கும் போட்டோ. பழைய நிலநடுக்கங்களில் கரையோடு சேர்ந்து ஊரும் நீருக்குள் இறங்கிவிட்டது. பாறையில் வெட்டிய மாடிப்படி தண்ணீருக்குள் போவதைப் படகிலிருந்து பார்க்கலாம். அந்த இடத்தில் நீந்தத் தடை. படகுக்காரர் வேறு குடாவுக்குக் கூட்டிப்போய்க் குதிக்கச் சொல்கிறார். எதிர்க்கரையில் சிமேனா என்ற சின்னக் கிராமத்துக் கோட்டையில் ஏறினால் முந்நூறு பேர் வரைதான் உட்காரக்கூடிய ஒரு குட்டி அரங்கம், ஒரே பாறையில் குடைந்தது. அங்கே உட்கார்ந்து ஐரான் மோர் குடித்தோம். அவ்வளவுதான்.

பத்தாராவுக்குத்தான் நான் வந்தேன். மற்றதெல்லாம் வழியில் பார்த்தது.

பத்தாராவில் கடற்கரைக்குப் போக வேண்டுமென்றால் பழைய நகரத்துக்குள்ளே நுழைந்துதான் போக வேண்டும். டிக்கெட்டும் ஒன்று. முதலில் மூன்று வளைவுகள் கொண்ட வாயில், கி.பி. 100 வாக்கில் இங்கே ஆளுநராக இருந்த மெத்தியுஸ் மோதெஸ்துஸ் என்பவரின் பெயர் தாங்கியது. பிறகு குளியல் மண்டபம், அரங்கம், சாலை ஓரமாக ஆடுகள். கடைசியில் மரப்பலகை நடைபாதை, ஒரு தின்பண்டக் கடை, அதைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெறும் மணல். 12 கிலோமீட்டருக்குக் குறையாத கடற்கரை. ஒரு ஹோட்டல் கிடையாது. லாராவில் கடலைப் பார்க்கவே கட்டடங்களுக்கு நடுவே சந்து தேட வேண்டியிருந்தது. இங்கே ஒரு விளக்குக் கம்பம்கூடக் கண்ணில் படவில்லை.

இதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, மணலுக்கு அடியில் நகரம். இன்னொன்று, மணலுக்குள் முட்டை. பெருந்தலைக் கடலாமைகள் மே மாதம் தொடங்கி இங்கே கரையேறி, குழி பறித்து, ஒரு குழியில் சுமார் நூறு முட்டை இட்டுவிட்டுப் போகின்றன. இரண்டு மாதத்தில் குஞ்சு. குஞ்சுகள் இரவில் வெளியே வந்து வெளிச்சமாகத் தெரியும் பக்கம் நகரும். இயற்கையில் அது கடலின் மேல் உள்ள வானம். ஹோட்டல் விளக்கு இருந்தால் அதை நோக்கிப் போய்ச் சாகும். அதனால் ராத்திரி கடற்கரையில் மனிதருக்கு இடமில்லை. கூடு இருக்கும் இடங்களில் கம்பிக் கூண்டு கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். கூண்டு வழியே பார்த்தால் வெறும் மணல்தான். ஆனாலும் எங்கள் சின்னவள் ஒரு கூண்டு முன்னால் முழங்கால் போட்டு அரைமணி நேரம் காவல் காத்தாள். மணலின் சூடு கூடினால் பெண் குஞ்சு, குறைந்தால் ஆண் என்று பலகையில் படித்துவிட்டு, காலடியில் மணல் சுட்டதும் "எல்லாம் பொண்ணு ஆச்சி!" என்று அறிவித்தாள்.

மதியத்துக்கு மேல் காற்று எழுந்து குடையைப் பிடுங்கிக்கொண்டு போகும். அதற்கு முன்னால் குளித்து முடித்துவிடுவது நல்லது. ஜூலை, ஆகஸ்டில் பிள்ளைகளோடு வருபவர்கள் இடிபாடுகளைக் காலை எட்டு மணிக்கோ மாலையிலோ பார்க்கலாம். நடுப்பகலில் அந்தக் கற்கள் மேல் கால் வைக்க முடியாது. நாங்கள் வெயில் தாழ்ந்த பிறகு நகரத்துக்குள் திரும்பினோம்.

பத்தாரா லிசியாவின் பெரிய துறைமுகம். நீண்ட குடா ஒன்று உள்நாட்டுக்குள் புகுந்திருந்தது. இப்போது அந்தக் குடா சதுப்பு. நாணல் காட்டுக்குள் தவளைச் சத்தம். பக்கத்தில் கடலில் சேரும் சாந்தோஸ் ஆறு, இன்றைய பெயர் எஷென், மலையை அரைத்து அரைத்துக் கொண்டுவந்து கடலில் கொட்டியது. அலை அதைக் கரைக்குத் திருப்பித் தள்ளியது. காற்று அதை ஊருக்குள் ஏற்றியது. துறைமுகத்தின் வாய் அடைந்தது. கப்பல் நின்றதும் வணிகர்கள் போனார்கள், மற்றவர்களும் போனார்கள். அரங்கத்தின் படிகளுக்கு மேல் மணல் குன்று ஏறி உட்கார்ந்தது. 1988-இல் பேராசிரியர் ஃபாஹ்ரி இஷிக் தலைமையில் அகழாய்வு தொடங்கி, வருடக் கணக்கில் அள்ளியும் இன்னும் முடிந்தபாடில்லை.

காலையில் பிள்ளைகள் கோட்டை கட்டி விளையாடியது அந்த மணலில்தான். ஒரு நகரத்தைக் கொன்ற மணல். ஹோட்டல் விளம்பரங்களில் 'பொன் மணல்' என்று போடுவார்கள்; அந்தப் பொன்னுக்குக் கொடுத்த விலை இந்தத் துறைமுகம்.

அம்மா சதுப்பைப் பார்த்தபடி, "நம்ம கொற்கையும் இப்படித்தானட்டி" என்றாள். நாசரேத்திலிருந்து ஏரல் வழியாகப் போனால் கொற்கை பக்கம். பாண்டியரின் முத்துத் துறைமுகம். தாமிரபரணி வண்டல் போட்டுப் போட்டுக் கடலைத் தள்ளிவிட்டது. இப்போது ஊரிலிருந்து கடலுக்கு ஆறேழு கிலோமீட்டர் போக வேண்டும். அதற்குப் பிறகு வந்த காயலும் அதே ஆற்று மண்ணில் பழையகாயல் ஆகிவிட்டது. "ஆனா அங்க குளமும் வன்னிமரமும் கோயிலும்தான் இருக்கு. இவன் தோண்டி வச்சிருக்கான், நம்மாளு வாழை போட்டிருக்கான்" என்றாள். வாழை போட்டதில் அவளுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

சதுப்பின் அந்தப் பக்கம் கலங்கரை விளக்கம். நீரோ மன்னன் காலத்தில், கி.பி. 64-65 வாக்கில், கடலோடிகளின் பாதுகாப்புக்காகக் கட்டியது என்று அதன் கல்வெட்டு சொல்கிறது. பிற்பாடு இடிந்து, மணலுக்குள் போய், 2004-க்குப் பிறகுதான் மீண்டும் வெளிவந்தது. கடல் இப்போது அங்கிருந்து தள்ளி இருக்கிறது. ரோம் நகரம் எரிந்ததும் அதே 64-இல்தான். அம்மா மனசுக்குள் கணக்குப் போட்டாள். பவுல் பத்தாராவுக்கு வந்து பெனிக்கே போகும் கப்பலில் ஏறியது அதற்குச் சில வருடங்கள் முன்னால். அவரைக் கொன்றது நீரோ என்பது சபையின் மரபு. "விளக்கும் வச்சிருக்கான், தீயும் வச்சிருக்கான்" என்று முடித்தாள். ரோமுக்குத் தீ வைத்தது நீரோதானா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குச் சந்தேகம் உண்டு என்று சொல்ல வாயெடுத்தேன். என் கணவர் வேண்டாம் என்று கண் காட்டினார்.

வெளியேறும் வழியில் லிசியச் சபை மண்டபம். அரைவட்டமாகப் படிகள், நடுவில் தலைவர் உட்காரும் இருக்கை, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அமரலாம். துருக்கி நாடாளுமன்றத்தின் ஆதரவோடு எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. லிசியாவின் 23 நகரங்கள் கூட்டாட்சி நடத்திய சபை இது. பெரிய நகரத்துக்கு 3 வாக்கு, நடுத்தர நகரத்துக்கு 2, சிறியதற்கு 1. வரியும் அதே கணக்கில்தான். பழைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதி வைத்த இந்தச் செய்தியைப் படித்துவிட்டு, நல்ல கூட்டாட்சிக்கு மாதிரி காட்டச் சொன்னால் லிசியாவைக் காட்டுவேன் என்ற பொருளில் 1748-இல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் மோந்தெஸ்கியூ எழுதினார். அமெரிக்க அரசியல் சட்டத்துக்காக வாதாடிய ஹாமில்டனும் மாடிசனும் அவரைத் தொடர்ந்து லிசியாவை எடுத்துக்காட்டினார்கள்.

மூத்தவன் இதைக் கேட்டதும் இரவுச் சாப்பாட்டை இந்த முறைப்படியே முடிவு செய்யலாம் என்றான். ஆச்சிக்கு 3. அப்பா, அம்மாவுக்கு ஆளுக்கு 2. அவனுக்கும் தங்கைக்கும் ஒவ்வொன்று. எங்களுக்குக் கல்கானில் கடலோரம் உட்கார்ந்து மீன் சாப்பிட ஆசை. பிள்ளைகளுக்கு கெலெமிஷ் கிராமத்திலேயே பீடே ரொட்டியும் ஐஸ்கிரீமும். நான் அம்மாவைப் பார்த்தேன். தூத்துக்குடி மாவட்டத்துக்காரி, மீன் பக்கம்தான் வருவாள் என்று நம்பினேன். அவள் படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, ரொம்ப நிதானமாக, "பிள்ளைகளுக்கு" என்றாள். ஐந்துக்கு நான்கு.

"அத்தை, வரியும் அதே கணக்குதான். மூணு பங்கு பில் உங்களுது" என்றார் என் கணவர்.

"எங்கிட்ட லிரா ஏது மாப்ள? கருவாடா வாங்கிக்கிடுங்க."